சுடலைக்கு ஒரு திருக்கு

"டக்" என்று கேட்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கடைவாயில் பாக்கு உடைகிற சத்தம்தான். தன் பிக்கப் வண்டியின் பானட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்த பேச்சிராஜா, அது தன் இடுப்பிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும் என்று மனசார விரும்பினான். நாற்பத்தைந்தைத் தாண்டியவனுக்கு இடுப்பு பிடித்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. தைலம் தேய்த்துவிட வீட்டில் ஆளும் உண்டு. மெதுவாக நிமிர்ந்து பார்த்தான். இடுப்பு உலக்கை மாதிரி நன்றாக இருந்தது. உடைந்தது மேனிபோல்டு.

இன்டேக் மேனிபோல்டு என்பது, அவன் தன் மனைவிக்கு ஒருநாள் விளக்கம் சொன்னபடி, இஞ்சினுடைய மூக்கு. டர்போ அமுக்கித் தள்ளுகிற காற்றை வாங்கி நாலு சிலிண்டருக்கும் பங்குவைக்கிற அலுமினியக் குழாய். அதில் ஓரத்துப் போல்டு ஒன்று தளர்ந்து எண்ணெய் வியர்த்திருந்தது. இறுக்கவேண்டியது ஒன்றுதான் வேலை. இறுக்கினான். சரியாகவே இறுக்கினான். அத்தோடு பானாவை, அதாவது ஸ்பேனரை, கீழே வைத்திருந்தால் குளித்துவிட்டு ஆறு இட்லி தின்றுவிட்டு வெற்றிலை போட்டிருப்பான். ஆனால் சுடலைக்கு ஒன்று பாக்கி இருந்ததே.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டு டெம்போ ஸ்டாண்டில் நிற்கிற திருநெல்வேலிப் பக்கத்து டிரைவர்களுக்கு இது ஒரு வழக்கம். டயர் நட்டோ பேட்டரிப் பட்டையோ, எதை முடுக்கினாலும் முடுக்கி முடித்த பிறகு ஊர்க் காவல்சாமி சுடலைமாடனை நினைத்துக் கண்ணை மூடி "சொடலைக்கு ஒண்ணு" என்று சொல்லிக் கூடுதலாக ஒரு திருக்கு. அளந்த அரிசிக்கு மேலே ஒரு பிடி போடுகிற மாதிரி. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. ‘நம்ம ஸ்டாண்டு வண்டியில இன்னிக்கு வரைக்கும் ஒரு நட்டு கழண்டு விழுந்தது உண்டாடே?’ என்று பெருமையாகக் கேட்பார்கள். கழலவில்லைதான். மரை அறுந்தவற்றை யாரும் எண்ணியதில்லை.

சந்துக்குள்ளிருந்து அவன் மனைவி இசக்கிசெல்வி எட்டிப்பார்த்தாள். கையெல்லாம் அரிசி கழுவின தண்ணீர்.

"என்ன சத்தம் அங்கன?"

"இஞ்சின் தும்முச்சு."

"தும்முனா ரெட்டைத் தும்மலாத் தும்மணும். ஒத்தத் தும்மல் ஆகாது" என்றபடி மழைத்தூறலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வண்டியருகே வந்தாள். வந்து, அவன் தோளுக்கு மேலாக எட்டி, விரிசலைப் பார்த்தாள். போல்டைத் தாங்குகிற அலுமினியக் காது தெறித்து, அங்கிருந்து ஒரு கோடு குழாயின் நடுவரைக்கும் ஓடியிருந்தது. பானாவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். திரும்பிப் போய் அரிசியில் கையை விட்டாள்.

அவள் ஏசியிருந்தால் அவனிடம் பதிலுக்கு நாலு ஜோக்கு தயாராக இருந்தது. ஏசாமல் போகிறவளிடம் அந்தச் சரக்கை எங்கே கொண்டு விற்பது?

அடுத்த நாள் விடிகாலையில் செம்பூர் மண்டபம் ஒன்றில் ஒரு அறுபதாம் கல்யாணம். சமையல் காண்ட்ராக்டு மாடுங்கா அம்மிணி மாமியுடையது. இட்லிக்கு மட்டும் மாமி, தன் கை ஆட்களை நம்பாமல், தாராவி இசக்கிசெல்வியைக் கூப்பிடுவாள். டிரம்மில் மாவும், இட்லிக் கொப்பரையும், அடுப்பும் பிக்கப்பில் ஏறிப்போய் மண்டபத்துப் பின்வாசலில் இறங்கும். பந்தியில் உட்காருகிறவர்கள் "மாமி கை மணம்" என்பார்கள். மாமியும் மறுப்பதில்லை, இசக்கிசெல்வியும் கொப்பரைக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொள்வாள்.

போன மாதம் இப்படி ஒரு காலையில், பி.கே.சி. ஆபீஸ் வட்டாரத்திலிருந்து சுனாபட்டிக்கு ஏறுகிற பாலத்தின் பாதியில் வண்டி நின்றுவிட்டது. காரணம் ஒரு ரப்பர் குழாயின் கிளிப்பு. அந்தக் கிளிப்பிலும் சுடலைக்கு ஒன்று கொடுத்ததில் அது குழாயையே அறுத்துவிட்டிருந்தது. மழையும் வெக்கையும் சேர்ந்த நாள். டிரம்முக்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப்பார்த்தது. இசக்கிசெல்வி பாலத்தின் நட்டநடுவில் நின்று இரண்டு கையாலும் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பந்தியில் இட்லிக்குப் பதில் உப்புமா போயிற்று. "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துப்பேன்" என்றாள் மாமி.

மாமி அதோடு விட்டுவிட்டாள். வீட்டில் விடவில்லை. இசக்கிசெல்வியின் தம்பி பூலோகம் புதுசாக சி.என்.ஜி. டெம்போ எடுத்திருந்தான். "அக்கா மாவ நான் ஏத்திக்கிடுதேன். அத்தான் வண்டிய எடைக்குப் போட்டுட்டு நம்ம வண்டியில ஸ்டீரிங் பிடிக்கட்டும்" என்று சொல்லியிருந்தான். அன்றிலிருந்து பேச்சிராஜா மனைவியிடம் கேட்டுக்கொண்டேயிருக்கிறான்: "நீ என்னட்டி சொல்லுத? வண்டிய வச்சுக்கிடவா, விடவா?"

அவள் வாயிலிருந்து வருவது ஒரே சொல். "பாப்போம்."

சட்டைப் பையில் போன் அடித்தது. அம்மிணி மாமி.

"ஏன்டா பேச்சி, நாளைக்கு வண்டி வருமோன்னோ?"

"வண்டியா மாமி? வண்டி இப்ப யோகா பண்ணுது. மூச்சுப் பயிற்சி."

"நேக்கு உன் தமாஷ் வேண்டாம். வருமா, வராதா? நேரே ஒரு பதில் சொல்லப்படாதோ?"

"சூரியன் வருதுன்னா வண்டியும் வரும் மாமி."

"ஆடி மாசத்துல பம்பாயில சூரியன் எங்கேடா வரது!" என்று மாமி போனை வைத்தாள்.

*

ஷாகிர் பாயின் ஒர்க்‌ஷாப் குறுக்கு ரோட்டில் இருந்தது. ஒன்றரை வண்டி நிற்கிற தகரக் கொட்டகை. பாய் மேலப்பாளையத்துக்காரர், வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும் இந்தியில் "அரே" என்று ஆரம்பித்துத் திருநெல்வேலியில்தான் முடிப்பார். பேச்சிராஜாவின் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே பாய் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வண்டி அப்படி ஒரு சீட்டியடித்துக்கொண்டு, கரும்புகை கக்கிக்கொண்டு வந்தது.

"அரே ராசா, என்னல இது, சீட்டியடிச்சுக்கிட்டு வருது?"

"ஒங்களப் பாத்த சந்தோசம் பாய்."

பாய் பானட்டைத் தூக்கினார். விரலால் விரிசலைத் தடவினார். தெறித்த காதைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"சொடலைக்குக் குடுத்தியாக்கும்?"

"கொஞ்சூண்டுதான் பாய்."

"ஒங்க சாமிக்கு ஆடு, கோழி, சுருட்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். அலுமினியம் எப்பல இருந்து கேக்காரு?"

"பம்பாய் வந்து அவருக்கும் பழக்கம் மாறியிருக்கும்."

பாய் சிரிக்கவில்லை. "வெல்டு வச்சா சூட்டுல கோணிப் போவும். டர்போ அமுக்குற அமுக்குல நாளைக்கே பிச்சுக்கிடும். கம்பெனி சாமானுக்குச் சொன்னா எப்பன்னு அவனுக்கே தெரியாது. குர்லாவுக்குப் போ. லோக்கல் மால் கிடைக்கும். எடுத்துட்டு வா, உக்கார வைக்க முடியுமான்னு பாப்பம்."

"உக்காந்துருமா பாய்?"

"இன்ஷா அல்லாஹ்."

"அது சரி பாய், ஆனா உக்காருமா?"

"இன்ஷா அல்லாஹ்ன்னு சொல்லுதம்லா!"

குர்லாவில் கணுக்கால் தண்ணீர். கடை கடையாக ஏறி இறங்கினான். ஆறாவதோ ஏழாவதோ கடையில், தொங்குகிற ரேடியேட்டர்களுக்கு நடுவிலிருந்து ஒருவன், பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று ஒரு மேனிபோல்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். கம்பெனிப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மயில் போட்டிருந்தது.

"கம்பெனி மாதிரி இருக்குமா?" என்று பேச்சிராஜா இந்தியில் கேட்டான்.

"கம்பெனி கா பாப் ஹை யே!" என்றான் கடைக்காரன். கம்பெனிக்கே அப்பன்.

"கேரண்டி?"

கடைக்காரன் வெளியே கொட்டுகிற மழையைக் காட்டினான். "இதுக்கு யாராவது கேரண்டி குடுக்கிறானா?"

ஊரே ஒரே மாதிரிதான் பேசுகிறது என்று பேச்சிராஜாவுக்குத் தோன்றியது. எல்லாம் தன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ என்றும் தோன்றியது. மயிலை மார்போடு அணைத்துக்கொண்டு நனைந்தபடி பஸ் ஏறினான்.

*

பாய் உருக்குச் சட்டம் ஒன்றை மேனிபோல்டின் முகத்தின்மேல் நிறுத்தி, பின்பக்கம் டார்ச்சு அடித்தார். சட்டத்துக்கு அடியில் நடுவாக ஒரு பிறைநிலா தெரிந்தது.

"வெளிச்சம் வாரது தெரியுதா?"

"தெரியுது பாய். ரம்சான் பிறையாட்டு."

"இந்த வழியாத்தான் காத்து போவும். மூஞ்சி கோணல். நடுவுல பள்ளம், ரெண்டு ஓரமும் மேடு. போல்டு ஓட்டையும் ஒண்ணு ரெண்டு தள்ளி நிக்கி. ஓட்டைய அரத்தால ராவிருவேன். மூஞ்சிய மட்டம் பண்ணணும்னா கண்ணாடி வேணும். கனத்த கண்ணாடி. அதுமேல உப்புத்தாள ஒட்டி, மண்ணெண்ணெய் விட்டு, இதைக் கவுத்துப் போட்டுத் தேய்க்கணும்."

"கண்ணாடிக்கு எங்க போவ?"

"வீட்டுல ஷோகேசு இல்ல?"

ஷோகேஸ் இருந்தது. அதில் கனத்த கண்ணாடித் தட்டுகளும், தட்டுகளின்மேல் இசக்கிசெல்வி தொடவிடாத பீங்கான் வாத்துகளும் இருந்தன. பேச்சிராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு போன் போட்டான்.

"செல்வி, ஷோகேசுத் தட்டு ஒண்ணு வேணும். வாத்தெல்லாம் ஒரு நாளைக்குக் கீழ் வீட்டுல குடியிருக்கட்டும்."

"எதுக்கு?"

"மயிலுக்கு."

"என்ன எழவோ. பாப்போம்" என்று வைத்துவிட்டாள்.

"தருவாங்களா?" என்றார் பாய்.

"இன்ஷா அல்லாஹ்" என்றான் பேச்சிராஜா.

பழைய மேனிபோல்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். இடமில்லாத இடத்தில் கை விட்டு, தெரியாத போல்டைத் தடவியே கண்டுபிடித்துக் கழற்றவேண்டும். சுடலைக்குக் கொடுத்திருந்த போல்டுகள் ஒவ்வொன்றும் ஒரு பாடு படுத்தின. ஒன்றுக்குப் பானாவின் வாலில் குழாயைச் செருகி, பாய் ஒருபுறமும் அவன் ஒருபுறமும் தொங்கினார்கள். அது கிரீச்சென்று கத்திவிட்டு இளகியது. "ஒங்க சாமி பிடிச்சா விடாது போல" என்றார் பாய். குழாயை எடுத்ததும் இஞ்சின் ஹெட்டில் நாலு துவாரம் வாய்பிளந்து தெரிந்தது. சுற்றிலும், காற்று கசியாமல் இடையில் வைக்கிற பழைய பேக்கிங் கருகி ஒட்டிக்கிடந்தது. பாய் பழைய துணியை நாலு துண்டாகக் கிழித்துக் கொடுத்தார்.

"ஓட்டைக்கொரு துண்டு உள்ள அமுக்கு. சுரண்டும்போது ஒரு தூசு உள்ள போச்சுன்னா வால்வு போயிரும். மாட்டுறதுக்கு முன்னாடி நாலையும் எடுத்துரணும். கேட்டியா?"

"நாலையும் எடுத்து எண்ணி, கையெழுத்தும் வாங்கிருதேன் பாய்."

அவன் சுரண்டிக்கொண்டிருக்கையில் வாசலில் ஹாரன் அடித்தது. பூலோகம். வண்டியைவிட்டு இறங்காமலே தலையை நீட்டினான். டேஷ்போர்டில் பிளாஸ்டிக் கவர்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"அத்தான், என்ன ஆபரேசனா?"

"இல்ல மாப்ள, பிரசவம். மயில் பொறக்கப் போவுது."

"வெளையாடாதிய. நாளைக்கு விடியக்காலம் எனக்கு வாஷி மார்க்கெட்டு சவாரி இருக்கு. அக்கா வரச்சொன்னா அத விட்டுருவேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரணும். அக்காட்ட கேட்டா பாப்போம்ங்கா. நீங்களாவது சொல்லுங்களேன்."

நியாயமான கேள்வி. பேச்சிராஜாவின் வாயில் மூன்று ஜோக்கு வந்து நின்றது. ‘வண்டி ரெடியாகும்’ என்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை; ‘ஆகாது’ என்று சொல்ல மனசு இல்லை. "ஒன் வண்டி கவரைப் பிரிச்சுட்டு வா, அப்பறம் பேசலாம்" என்றான். பூலோகம் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான். தெருத்தண்ணீர் பின்னாலேயே அலையடித்துக் கொட்டகைக்குள் வந்தது.

*

மழை வலுத்த நேரத்தில் இசக்கிசெல்வி வந்தாள். ஒரு கையில் குடை, தோளில் தூக்குச்சட்டிப் பை, இடுப்பில் பழைய சேலையில் சுற்றிய கண்ணாடித் தட்டு. பிள்ளையை இடுக்கிக்கொண்டு வருகிற மாதிரி வந்தாள்.

"இங்கன வைங்க தங்கச்சி" என்று பாய் பெஞ்சைத் துடைத்துவிட்டார். "எதுக்கு இந்த மழையில? ஆள் அனுப்பியிருக்கலாம்லா."

"ஆள் அனுப்புனா இவிய என்ன சொல்லி அனுப்புவாவளோ! மயிலுக்குன்னாவ. கூண்டு எதுவும் செய்தாவளோன்னு பாக்க வந்தேன்."

முதலில் சாப்பிடச் சொன்னாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, சோறு, சுட்ட அப்பளம் நொறுங்கிப்போய் ஒரு பொட்டலம். கொட்டகைத் தகரத்தில் மழை உளி வைத்துக் கொத்துகிற மாதிரி அடித்தது. கை எவ்வளவு கழுவியும் டீசல் போகவில்லை. முதல் இரண்டு கவளம் டீசல் சோறு, பிறகுதான் கருவாடு தெரிந்தது. பாய் குழம்பை விரலால் வழித்து நாக்கில் வைத்து, "புளி ஊர்லேருந்து வந்ததா?" என்றார்.

"டி-மார்ட்டு" என்றாள் இசக்கிசெல்வி.

பேச்சிராஜா மெதுவாக ஆரம்பித்தான். "பூலோகம் வந்தான்."

"சொன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"உளுந்து ஊறப்போட்டுட்டு வந்திருக்கேன். பேசாமச் சாப்பிடுங்க."

சாப்பாடு முடிந்ததும் தேய்ப்பு ஆரம்பித்தது. கண்ணாடிமேல் உப்புத்தாள், அதன்மேல் மண்ணெண்ணெய். பாய் மேனிபோல்டின் முகத்தில் ஸ்கெட்ச் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டார். "கோடு எங்க அழியுதோ அங்க மேடு. எங்க நிக்குதோ அங்க பள்ளம். எல்லாக் கோடும் ஒண்ணுபோல அழியிற வரைக்கும் தேய்." பேச்சிராஜா தேய்த்தான். தோள் இற்றுப்போனது. வேர்வையும் மழையுமாக மூக்கில் சொட்டியது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த இசக்கிசெல்வி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனை முழங்கையால் தள்ளினாள். "ஒரே பக்கமா அமுக்குதிய. இன்னும் கோணிக்கிடும். நவுருங்க." இரண்டு உள்ளங்கையையும் மேனிபோல்டின் முதுகில் வைத்து, எட்டுப் போடுகிற மாதிரி வளைத்து வளைத்து ஓட்டினாள். பாரத்தைக் கையில் கொடுக்காமல் ஓட்டத்தில் கொடுத்தாள். திருப்பிப் பார்த்தார்கள். ஓரத்துக் கோடுகள் மங்கியிருந்தன. நடுவில் இன்னும் கறுப்பாக நின்றது.

"நடுவுல கிடக்கு பாருங்க, கல்லுளிமங்கன் மாதிரி."

"மாத்தி மாத்தித் தேய்ப்போம்" என்றான் பேச்சிராஜா. அவன் குரலில் ஜோக்கு எதுவும் இல்லாதது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். உப்புத்தாள் வழவழத்துப் போக, புதுத் தாள் ஒட்டினார்கள். அதுவும் போயிற்று. கண்ணாடிமேல் அலுமினியச் சேறு சாம்பல் மாவாகத் திரண்டது. அவள் அதை இரு விரலால் தொட்டுப் பார்த்து, "பதம் பரவாயில்ல" என்றாள். பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கடைசியில் நடுவில் நின்ற கல்லுளிமங்கனும் கரைந்தான். பாய் சட்டத்தை நிறுத்தி டார்ச்சு அடித்தார். பிறைநிலாவைக் காணவில்லை.

கழுவி, காற்றடித்து, புதுப் பேக்கிங்கை வைத்து, மேனிபோல்டைத் தூக்கி இஞ்சினில் உட்கார வைத்தார்கள். ராவின ஓட்டைகளுக்குள் போல்டு வழுக்கிக்கொண்டு போனது. கையாலேயே எல்லாவற்றையும் சுற்றிவிட்டார்கள். பாய் டார்க் ரெஞ்சை எண்ணெய்த் துணியிலிருந்து பிரித்தார். குறிப்பிட்ட அளவு இறுகியதும் ‘டிக்’கென்று சொல்லி நிறுத்துகிற பானா அது. எடுத்துக் கொடுக்கப் போனவர், கையை நிறுத்திக் கேட்டார்.

"நாலு துணியும் வெளிய வந்துட்டுல்லா?"

மட்கார்டின்மேல் மூன்று துண்டு கிடந்தது. பேச்சிராஜாவின் தோளில் ஒரு துண்டு தொங்கியது. அது நாலாவதா, அல்லது காலையிலிருந்தே கைதுடைக்க வைத்திருந்ததா? எடுத்த மாதிரியும் இருந்தது. எடுக்காத மாதிரியும் இருந்தது. "நாலும் டாட்டா காட்டிட்டே போயிட்டு பாய்" என்று வாய்க்குள் தயாராக ஒரு வாக்கியம் வந்து நின்றது. சொல்லியிருந்தால் பாய் சிரித்துக்கொண்டு ரெஞ்சைக் கொடுத்திருப்பார். கழற்றினால் திரும்ப ஒரு பாடு. பேக்கிங் கிழிந்தால் வேறு பேக்கிங் இல்லை. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, வீட்டில் உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.

இசக்கிசெல்வி கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல பாய்" என்றான்.

"என்னது?"

"எடுத்தனா எடுக்கலையான்னு தெரியல. கழட்டிப் பாத்துருவோம்."

பாய் ரெஞ்சைக் கீழே வைத்தார். "சரி, கழட்டு" என்றார்.

பேக்கிங் கிழியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு போல்டாக எடுத்து, மேனிபோல்டைப் பூப்போல விலக்கினான். நாலாவது துவாரத்துக்குள் விரலை விட்டான். விரல் நுனியில் துணி பட்டது. உருவியெடுத்து, எண்ணெயில் ஊறின அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். ஸ்டார்ட் பண்ணியிருந்தால் இஞ்சின் இதை விழுங்கியிருக்கும். வண்டியை எடைக்குப் போடுவதா என்று யாரையும் கேட்கவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

திரும்பிப் பார்த்தான். இசக்கிசெல்வி குடையை விரித்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போய், போனைக் காதில் வைத்திருந்தாள். மழை இரைச்சலில் ஒரு சொல்தான் கேட்டது. "பூலோகம்..." அதற்குப் பிறகு அவள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

ஆக, முடிந்துபோயிற்று. துணியை உள்ளே விட்டு மூடுகிறவனை நம்பி யார் மாவை ஏற்றுவார்கள்? தான் அவளாக இருந்தாலும் பூலோகத்துக்குத்தான் போன் போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் பாதியில் போட்டுவிட்டுப் போக முடியாது. நாளைக்கு யார் வண்டியில் மாவு போனாலும் சரி, இன்றைக்கு இந்த வண்டி முழு மூச்சு விடவேண்டும்.

"ரெஞ்சைக் குடுங்க பாய்."

"நடுவுலேருந்து ஆரம்பி. அப்பறம் அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. மொதச் சுத்து பாதிதான். ரெண்டாவது சுத்து முழுசு. ‘டிக்’குன்னு சொல்லும். சொன்ன எடத்துல நிக்கணும்."

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில், டிக். அடுத்தது, டிக். ஒவ்வொரு டிக்குக்குப் பிறகும் அவன் மணிக்கட்டு தானாக ஒரு சின்ன வளைவு வளையப் பார்த்தது. இருபது வருஷப் பழக்கம். கண்ணை மூடச் சொல்லி உடம்பு கெஞ்சியது. மூடவில்லை. கடைசிப் போல்டு, காலையில் உடைந்த அதே ஓரம். டிக். கையை ரெஞ்சிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான். பாம்பைக் கீழே விடுகிறவன் மாதிரி இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"சாமிக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிட்டே பாய்" என்றான். முழுக்க விளையாட்டாகச் சொல்லவில்லை.

பாய் யோசித்தார். பிறகு வண்டிக்கு அடியில் தொங்குகிற ஸ்டெப்னி டயரைக் காட்டினார். "அந்த நட்டு நல்ல உருக்கு. எத்தன திருக்கு குடுத்தாலும் வாங்கிக்கிடும். இனிமே ஒங்க சொடலைய அங்கன குடிவச்சுரு. ஆளும் வெளிக்காவலுக்கு ஏத்தவருதான்."

பேச்சிராஜா சேற்றில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, ஸ்டெப்னி நட்டுக்கு ஒன்று கொடுத்தான். இசக்கிசெல்வி உள்ளே வந்திருந்தாள். அவன் எழுந்ததும் முந்தானையால் அவன் நெற்றிச் சேற்றை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தாள்.

*

ஸ்டார்ட் ஆனது. சீட்டி இல்லை. பாய் காதைக் கொடுத்துக் கேட்டார். சோப்புத் தண்ணீரை மூட்டுகளில் ஊற்றிப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். "சும்மா நிக்கும்போது எல்லாரும் உத்தமந்தான். பாரம் ஏத்தி ஏத்தத்துல மிதிச்சாத்தான் வண்டவாளம் தெரியும்."

பக்கத்துக் கோடவுனில் பழைய டிரம்களை இரவல் வாங்கி, தண்ணீர் நிரப்பி ஏற்றினார்கள். இசக்கிசெல்வி கண்ணாடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "நீயுமா?" என்றான். "ஏன், எடம் இல்லையா?" என்றாள்.

சயான் பாலத்தை இடித்த பிறகு அந்தப் பக்கத்து நெரிசலெல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஊர்ந்து ஊர்ந்து, பி.கே.சி. திரும்பி, சுனாபட்டிப் பாலத்தின் அடிவாரத்துக்கு வந்தார்கள். மழை கொஞ்சம் ஓய்ந்து, கட்டடங்களுக்குப் பின்னால் வானம் ஈரச் சாம்பலாகத் தெரிந்தது. போன மாதம் நின்ற இடம் அதோ. இசக்கிசெல்வியின் இரண்டு கையும் தன்னையறியாமல் கண்ணாடித் தட்டை அமுக்கிப் பிடித்தன. டிரம் மூடியைப் பிடித்த அதே பிடி.

பேச்சிராஜா மிதித்தான். வண்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு ஏறியது. பின்னால் டிரம்களில் தண்ணீர் தளும்பியது. பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான், புகை இல்லை. நின்ற இடம் வந்தது, போயிற்று. பாலத்தின் உச்சியும் வந்து போயிற்று.

சுனாபட்டிப் பக்கம் இறங்கி, டீக்கடை ஓரமாக நிறுத்தினான். இஞ்சினை அணைக்கவில்லை, அது மூச்சு விடுகிறதைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும் போலிருந்தது. போன் அடித்தது. அம்மிணி மாமி. வழக்கமான வாய் திறந்தது, மூடிக்கொண்டான்.

"வரும் மாமி. வண்டி ரெடியாயிட்டு. மாவு எந்த வண்டியில வரும்னு மட்டும் செல்விதான் சொல்லணும்."

"ஏன்டா, உடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்றாள் மாமி கவலையோடு. "விடிகாலம் பின்வாசல் திறந்திருக்கும். வந்துடுங்கோ."

போனை வைத்துவிட்டு ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டான். ஜோக்கு எதுவும் கைவசம் இல்லை.

"செல்வி, பூலோகத்துக்குப் போன் போட்டியே, பாத்தேன். நான் கோவப்படல. நாளைக்கு மாவு எந்த வண்டியில போவுது? இந்த வண்டி இருக்கட்டுமா, வேண்டாமா? பாப்போம்னு மட்டும் சொல்லாத."

அவள் கண்ணாடித் தட்டை மடியில் நேராக்கி வைத்தாள்.

"இதுலதான் போவுது. வண்டி இருக்கட்டும். மழுப்பாம ‘தெரியல பாய்’னு சொன்னியள்லா, அப்பவே பூலோகத்துக்குப் போன் போட்டு, வராதல, நீ வாஷிக்குப் போன்னுட்டேன். போதுமா? சீக்கிரம் வீட்டுக்கு விடுங்க, உளுந்து ஊறிக் கெடக்கு."